வேர்ப்பூ அத்தான்

ஆர்க்கிட் செடியைத் தண்ணீர் காட்டாமல் கொல்கிறவர்களைக்கூடச் சின்னவள் மன்னித்துவிடுவாள். சோம்பேறிகள், மறதிக்காரர்கள், போகட்டும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே குவளையோடு வந்து நின்று, "குடிம்மா, குடி" என்று ஊற்றி ஊற்றிக் கொல்கிற அன்புக்காரர்களைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது. ஊற்றினால் வேர் அழுகும். வேர் அழுகினால் செடியால் தண்ணீர் குடிக்க முடியாது. குடிக்க முடியாத செடியின் இலை சுருங்கும். சுருங்கிய இலையைப் பார்த்ததும் அந்தப் புத்திசாலி என்ன செய்வார்? "ஐயோ பாவம், தாகம்" என்று இன்னொரு குவளை ஊற்றுவார். தொண்டை அறுந்தவனுக்கு விருந்து வைக்கிற கதைதான்.

அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். நாள் முழுக்க ஊசி, குழாய், மைக்ராஸ்கோப். வீட்டில் படுக்கையறையை ஒட்டிய சின்ன அறையைச் செடிகளுக்கு ஒதுக்கியிருந்தாள். ஆர்க்கிட் சங்கத்துக்காரர்கள் தங்கள் வீட்டில் சாகக் கிடக்கும் செடிகளை அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் பிழைத்துவிடும், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் செடி பிழைப்பதற்கு முன்னால், கொண்டுவந்தவர் அவள் வாயில் விழுந்து செத்துப் பிழைக்க வேண்டும்.

இணையத்தில் யாரோ சொன்னதை நம்பித் தொட்டியில் ஐஸ்கட்டி வைத்து வந்த பல் டாக்டரிடம், "உங்ககிட்ட வர்றவங்க வாயில ஐஸ்கட்டிய வெச்சு அனுப்பிட்டா பல்லு முளைச்சிடுமா டாக்டர்?" என்று கேட்டாள். வங்கி மேலாளர் அம்மாள் தன் செடியோடு தினமும் ஒரு மணி நேரம் பேசுவதாகச் சொன்னபோது, "அதான் மண்டையப் போடப் பாத்துச்சு" என்றாள். அந்த அம்மாள் அதன்பிறகு சங்கக் கூட்டங்களில் சின்னவள் பக்கத்தில் உட்காருவதையே விட்டுவிட்டாள். சின்னவள் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. காலியான நாற்காலியில் தன் கைப்பையை வைத்துக்கொண்டாள்.

இவர்கள் எல்லோர் மேலும் இருந்த இளக்காரத்தை ஒரு தட்டிலும், அக்கா வீட்டுக்காரர் மேல் இருந்ததை இன்னொரு தட்டிலும் வைத்தால் அத்தான் தட்டுதான் தரையைத் தொடும். அவர் திரைச்சீலைக் கடைக்காரர். ஆர்க்கிட் சங்கத்தின் செயலாளர் வேறு. கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப்போட வேறு ஆள் கிடைக்காததால் அவரைச் செயலாளராக்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. செடியைப் பற்றிய அவருடைய ஞானம் சட்டைப் பொத்தான் அளவு. பேச்சோ, மூன்று ஜன்னலுக்குத் திரை தைக்கிற நீளம்.

போன வருஷம் ஒரு கூட்டத்துக்கு அவர் ஒரு கையில் தொட்டியும் இன்னொரு கையில் ஒரு பெரிய கேக் பெட்டியுமாக வந்தார். தொட்டியில் இருந்த ஆர்க்கிட்டின் இலை இடுக்கிலிருந்து பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "பூந்தண்டு வந்திருச்சு! நான் வளத்த செடியில முதல் பூந்தண்டு! எல்லாரும் கேக் எடுத்துக்குங்க" என்று ஆளாளுக்குத் தட்டை நீட்டினார். சின்னவள் எழுந்துபோய்ப் பார்த்தாள்.

"அத்தான், இது வேர். இன்னும் கொஞ்ச நாள்ல தரையப் பாத்து இறங்கும். அப்ப நீங்க தலைகீழா நின்னு மோந்து பாருங்க."

கூடமே சிரித்தது. கேக்கை வாயில் வைத்திருந்தவர்கள் புரையேறிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து சங்கத்தில் அவருக்குப் பெயர் "வேர்ப்பூ". அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பியும் பார்த்தார். அவர் மனைவி, பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை.

உள்ளதைச் சொன்னால், அது பெரிய குற்றமே இல்லை. புதிதாக முளைக்கிற வேரும் பூந்தண்டும் ஆரம்பத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் இலையடியிலிருந்து பச்சை மூக்கை நீட்டும். நாள் போகப் போகத்தான் வேரின் நுனி வழவழவென்று உருண்டுவரும், பூந்தண்டின் நுனியில் விரலை மடக்கினது மாதிரி ஒரு மடிப்பு தெரியும். விவரம் தெரிந்தவர்கள் அதுவரை பொறுத்திருப்பார்கள். சின்னவளே இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறாள். அத்தானுக்கு மட்டும் சொல்லவில்லை. அவரைப் பார்த்துச் சிரிப்பதில் இருந்த சுகம் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் இல்லை.

இப்படிப்பட்ட மனுஷரிடம்தான் அம்மாவின் செடி போய்ச் சேர்ந்தது.

இரண்டு மகள்களையும் ஆளாக்கி முடித்த பிறகு, அம்மா ஆர்க்கிட் பைத்தியமானாள். இரண்டு செடிகளைத் தன் கையாலேயே இணைசேர்த்தாள். தீக்குச்சி முனையில் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதில் வைத்து, காய் முற்றும்வரை காவல் காத்து, தூசி போன்ற விதையைச் சீசாவுக்குள் சத்துக் கூழின்மேல் தூவி, பூசணம் பிடித்த சீசாக்களைத் தூக்கியெறிந்து, மறுபடி தூவி, கடைசியில் ஒரே ஒரு செடியை உருப்படியாகக் கொண்டுவந்தாள். அது பூக்கிற வயதுக்கு வளர்ந்து நின்றபோது அம்மா போய்விட்டாள். அதன் பூ என்ன நிறம் என்று அம்மாவும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. உலகத்தில் அதற்கு இன்னொரு ஜோடி கிடையாது. அது செத்தால் அதோடு சரி.

கடைசிக் காலத்தில் அம்மா பெரியவள் வீட்டில் இருந்ததால் செடியும் அங்கேயே தங்கிவிட்டது. சின்னவள் கேட்டுப் பார்த்தாள். "மத்ததெல்லாம் நீ எடுத்துக்க. இது மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்டி" என்றாள் பெரியவள். தன் வீட்டில் இருக்கும் ஆபத்தை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. மாமியார் மேல் அத்தானுக்கு உயிர். உயிரோடு இருந்தவரை அம்மாவுக்குச் செய்யாமல் விட்டதை எல்லாம் இப்போது செடிக்குச் செய்தார், குவளை குவளையாக.

பெரியவள் போன் பண்ணி அழுதபோது சின்னவள் வேலையைப் பாதியில் விட்டு ஓடினாள். செடி கூடத்து ஜன்னலோரம் துவண்டு கிடந்தது. இலைகள் நீரில் கிடந்த விரல்மாதிரி சுருங்கியிருந்தன. தொட்டியிலிருந்து உருவினாள். வேர்கள் சதை கழன்று கறுப்பு நூலாக அவள் விரலோடு வந்தன. தேறுகிற வேர் ஒன்றுகூட இல்லை. அடித்தண்டும் நான்கு இலையும்தான் மிச்சம்.

"இது செடியா அத்தான், இல்ல உங்க கடையில சாயம் போகுதான்னு ஊற வெச்ச துணியா?"

அத்தான் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். "என் தப்புதாம்மா. இலை வாடுதேன்னு பாத்து இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். எப்படியாவது காப்பாத்திடும்மா."

"ஊத்தினீங்க. ஊத்திக்கிச்சு. இனிமே இந்தச் செடி இருக்கிற பக்கம் நீங்க மூச்சுகூட விடக் கூடாது."

"விடமாட்டேன்" என்றார் அவர், குழந்தை மாதிரி. அதைக் கேட்டதும் சின்னவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. திருப்பித் திட்டினாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும்.

வேரில்லாத செடிக்குத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தைத்தான் காட்ட வேண்டும். சின்னவள் கத்தரியை நெருப்பில் வாட்டி அழுகினதை எல்லாம் நறுக்கினாள். வெட்டின இடங்களில் லவங்கப்பட்டைப் பொடி தடவினாள். மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில் காய்ந்த பாசியை நனைத்து, இறுகப் பிழிந்து பரப்பி, செடியை அதன்மேல் படாமல் நிறுத்தி மூடினாள். வெயில் நேராகப் படாத, ஆனால் வெளிச்சமான இடம். உரம் கிடையாது, தொட்டுப் பார்ப்பது கிடையாது. செடி தன் இலையிலிருக்கும் மிச்சச் சத்தைக் கொண்டு ஒரு வேரை விட வேண்டும். ஒன்று வந்துவிட்டால் பிழைத்த மாதிரி. வருவதற்குள் சத்து தீர்ந்துவிட்டால் கதை முடிந்தது.

பெரியவள் தினமும் போன் பண்ணுவாள். பின்னாலிருந்து அத்தான் ஏதோ கேட்பது மெல்லக் கேட்கும். "அவர அந்தப் பக்கம் போகச் சொல்லு. அவர் குரல் கேட்டாலே இது அழுகிடும்" என்பாள் சின்னவள். பரிசோதனைக் கூடத்தில் சக ஊழியர்களிடம் அத்தான் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். இரவில் படுக்கப் போகுமுன் பெட்டிமுன் உட்கார்ந்து அம்மாவை நினைத்துக்கொள்வாள். அந்த அழுகையை யாருக்கும் காட்டவில்லை.

இலைகளில் சுருக்கம் கொஞ்சம் தணிந்த சமயத்தில், கீழ் இலையின் அடியில் பச்சையாக ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. மேல்நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தது. பூந்தண்டுதான் என்று சின்னவள் முடிவுகட்டினாள். சாகப்போகிற ஆர்க்கிட் கடைசிச் சத்தைத் திரட்டிப் பூப்பது உண்டு. தெரியாதவர்கள் அதைப் பார்த்துச் செடி பிழைத்துவிட்டது என்று குதிப்பார்கள். பூ உதிர்கிறபோது செடியும் முடிந்திருக்கும். செடி வேண்டுமானால் பூந்தண்டை முளையிலேயே வெட்ட வேண்டும். இதை அவள் சங்கத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அக்காவுக்குப் போன் பண்ணினாள். "பூந்தண்டு விட்டிருக்கு. வெட்டப் போறேன். பாக்கணும்னா வந்து பாத்துக்க."

சத்தமில்லாமல் வெட்டியிருக்கலாம். கூப்பிட்டு, கண்முன்னால் வெட்ட வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. கொன்றவர் வந்து நின்று, காப்பாற்றுவது எப்படி என்று பார்க்கட்டும்.

இரண்டு பேரும் உடனே வந்துவிட்டார்கள். பெரியவள் பெட்டிமுன் மண்டியிட்டுப் பார்த்துவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அம்மா பாக்காத பூ. ஒரே ஒரு தடவை பாத்துடலாம். அப்புறம் எது எப்படிப் போனாலும் போகட்டும்."

"போகட்டுமா? நீ பூவ பாத்துக் கண்ணத் துடைச்சுக்குவ. அம்மா அவ்வளவு கஷ்டப்பட்டது குப்பைக்குப் போகும்."

அவளுக்கும் அந்தப் பூவைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. அக்காவைவிட அதிகமாகவே இருந்தது. அதை அடக்கிக்கொள்ளத் தெரிந்ததால்தான் தான் வேறு, இவர்கள் வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பூதக்கண்ணாடியை எடுத்தார். எப்போது வாங்கினாரோ தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, பெட்டியைத் தொடாமல், குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"சின்னவளே, தப்பா நினைச்சுக்காத. இது வேர் மாதிரி இருக்கே?"

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"நுனியில மடிப்பு எதையும் காணோம்மா. உருண்டையாத்தான் இருக்கு. நான் போன வருஷத்திலேருந்து நிறைய பாத்துட்டேன். கடைக்குப் பக்கத்து நர்சரியில தினமும் போய்ப் பாப்பேன்."

"போன வருஷம் வேரப் பாத்துப் பூன்னீங்க. இந்த வருஷம் பூவப் பாத்து வேருங்கறீங்க. அடுத்த வருஷம் இலையப் பாத்துக் கிளின்னு சொல்வீங்களா?"

"இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? ஆனா ஒரு வாரம் விட்டுப் பாப்போமே. அதுக்குள்ள அதுவே சொல்லிடுமே, நான் யாருன்னு."

நியாயமான பேச்சு. பல் டாக்டர் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். அந்த வங்கி அம்மாள் சொல்லியிருந்தால்கூட, முகத்தைச் சுளித்துக்கொண்டாவது, சரி பார்ப்போம் என்றிருப்பாள். வேர்ப்பூ சொல்லி அவள் பொறுப்பதா? ஒரு வாரம் காத்திருந்தால், ஒருவேளை அவர் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்று அவளே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அது அவளால் ஆகாது.

"உங்க கைவரிசையாலதான் இது இங்க வந்து கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே கத்தரியை நெருப்பில் வாட்டினாள். பெட்டியைத் திறந்தாள். பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரே நறுக்கு.

பெரியவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அத்தான் அவள் தோளைத் தட்டி, "அவளுக்குத் தெரியும். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். சொல்லிக்கொண்டே பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டார்.

அவர்கள் போனபிறகு சின்னவள் அந்தத் துண்டை மேசைக்கு எடுத்துப் போனாள். குறுக்கே சீவிப் படமெடுத்து, 'நம் செயலாளர் வேர் என்று சொன்ன பூந்தண்டு இதுதான்' என்று சங்கத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். வாசகத்தைக்கூட மனதுக்குள் அடித்து வைத்துவிட்டாள். சவர பிளேடால் மெல்லியதாகச் சீவி, விளக்கடியில் வைத்து, பரிசோதனைக் கூடத்தில் கழித்துப் போட்டதை எடுத்துவந்திருந்த பழைய மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

நடுவில் ஒரு நரம்பு. சுற்றிலும் பஞ்சுமாதிரி உறை.

இன்னொரு சீவல் சீவினாள். அதிலும் அதுவே. மிச்சத் துண்டை நகத்தால் கிள்ளி இழுத்தாள். உறை கழன்று வந்தது, உள்ளே ஈரமான ஒரு நூல் நின்றது. பூந்தண்டில் அப்படி நூல் கிடையாது. அம்மாவின் செடி எங்கெங்கோ இருந்த சத்தையெல்லாம் சேர்த்து விட்ட ஒரே வேர், அவள் மேசையில் மூன்று துண்டாகக் கிடந்தது.

காது இரண்டும் சுட்டது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் கதவைச் சாத்தினாள். துண்டுகளை எல்லாம் வழித்துக் கழுவுதொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். அவை போனபிறகும் வெகுநேரம் குழாயை மூடவில்லை. பிறர் செய்த தப்பை எடைபோட அவளுக்கு நொடி போதும். தன் தப்பைக் கையில் வைத்திருக்க அவளுக்குத் தெம்பில்லை.

இன்னொரு வேர் வரும் என்று காத்திருந்தாள். பாசியை மாற்றினாள், பெட்டியை இடம் மாற்றினாள், ஒரு நாளைக்கு நாலு தடவை மூடியைத் திறந்து பார்த்தாள். இந்தத் தவிப்பை வேறு யாரிடமாவது பார்த்திருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பாள். செடியில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். கீழ் இலை மஞ்சளாகி விழுந்தது. அடுத்தது விழுந்தது. ஒருநாள் காலையில் குருத்தைத் தொட்டதும் அது கையோடு கழன்று வந்தது, அடித்தண்டு உள்ளே கறுத்திருந்தது.

அக்கா வீட்டுக்கு அவள் போனபோது பல் டாக்டரும் அங்கே இருந்தார். அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி பற்றி ஏதோ பேச வந்திருந்தார். அத்தான் அவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேளுங்க டாக்டர், நம்ம அறிவ! பூதக்கண்ணாடி எல்லாம் வாங்கி, ஒரு வருஷமா நர்சரியில தவம் கிடந்து, கடைசியில பூந்தண்டப் பாத்து வேருன்னு சொல்லிட்டேன். இவ மட்டும் என் பேச்சக் கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்!" என்று தன் தொடையிலேயே தட்டிக்கொண்டு சிரித்தார். டாக்டர் சிரித்தார். "வாம்மா, வா. எப்படி இருக்கு நம்ம செடி?"

"செத்துப்போச்சு."

சிரிப்பு நின்றது. பெரியவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அத்தான் எழுந்து, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்னம்மா செய்வ? நாங்க குடுக்கும்போதே அது பாதிப் பிணம். கொன்னது நான்தான். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

"அத்தான், அன்னைக்கு நான் வெட்டினது வேர்."

அத்தான் அவளைப் பார்த்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி. வேர்தான். ஒரு வாரம் விட்டிருந்தா பிழைச்சிருக்கும். நான்தான் கொன்னேன்."

வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள். சொன்னபிறகு ஏதாவது விழும் என்று எதிர்பார்த்து நின்றாள். ஒரு வசவு, ஒரு அழுகை, 'இப்ப சிரி பாப்போம்' என்று ஒரு சொல். எது விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தாள்.

அத்தானின் கண் கலங்கியது. "பாருங்க டாக்டர்" என்றார். "என்னத் தேத்தறதுக்காகப் பழிய அவ மேல போட்டுக்கறா. நான் மனசு உடைஞ்சிடுவேனோன்னு பயந்து."

"இல்ல அத்தான், நிஜமாவே. நான் மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தேன்."

"சரிம்மா, சரி. பாத்த. எங்க, அந்தத் துண்டக் காட்டு?"

சின்னவள் தன் வெறும் கைகளைப் பார்த்தாள்.

"அதான் பாத்தியா" என்று அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உனக்குப் பொய் சொல்ல வராதும்மா. வேரும் பூவும் உனக்குத் தெரியாதா?"

"அவங்களுக்குத் தெரியாம இருக்குமா?" என்றார் பல் டாக்டர். அவர் சின்னவளைப் பார்த்த பார்வையில் இதுவரை இல்லாத ஒரு மரியாதை இருந்தது.

பெரியவள் வந்து தங்கையை இறுகக் கட்டிக்கொண்டாள். "இத்தன வருஷத்தில இப்பத்தான் அவர்கிட்ட ஒரு நல்ல வார்த்த சொல்லிட்டடி. அம்மா இருந்து பாத்திருக்கணும்" என்று அவள் காதில் சொன்னாள்.

"அது வேருதான்க்கா" என்றாள் சின்னவள், அக்காவின் தோளில் முகம் அழுந்தியிருந்ததால் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. பெரியவள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அத்தான் அவளுக்கு டீ போடச் சமையலறைக்குப் போனார்.